மூச்சு முதலில் வரும், கால் பிறகுதான் வரும்

ஜனவரி முதல் வாரத்தில் திருச்சியிலிருந்து கனடாவின் ஹாமில்டனுக்குத் திரும்பினேன். அப்பாவுக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை. அக்டோபர் கடைசியில் போனவள் பத்து வாரம் ஊரிலேயே இருந்துவிட்டேன். அந்தப் பத்து வாரத்தில் ஓடியது ஐந்தாறு தடவை இருக்கலாம், அதுவும் விடியற்காலையில் காவிரிக் கரையோரமாக அரை மணி நேரம். இங்கே வீட்டு வாசலில் பெட்டியை இறக்கும்போது மைனஸ் 14. ஊருக்குப் போவதற்கு முன்பே இரண்டு பந்தயங்களுக்குப் பணம் கட்டியிருந்தேன். ஒன்று மார்ச் இறுதியில் நடக்கும் அரவுண்ட் த பே, ரோட்டில் 30 கிலோமீட்டர். இன்னொன்று மே இறுதியில் டண்டாஸ் பள்ளத்தாக்கில் நடக்கும் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ், காட்டுப் பாதையில் 50 கிலோமீட்டர்.

குளிர்காலத்தில் இடைவெளி விட்டு மறுபடி ஓட வருபவர்கள் இங்கே நிறையப் பேர். ஊருக்குப் போய் வந்தவர்கள், காய்ச்சலில் விழுந்தவர்கள், நவம்பரில் இருட்டைப் பார்த்து நிறுத்தியவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த வருடம் நான் ஒரு தப்பு செய்தேன், அதற்குப் பத்து நாள் விலை கொடுத்தேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹாமில்டன் ஒன்டாரியோ ஏரியின் மேற்கு முனையில் இருக்கிற ஊர். ஊரின் நடுவே நயாகரா எஸ்கார்ப்மென்ட் என்ற நீண்ட பாறை விளிம்பு ஓடுகிறது. ஊர்க்காரர்கள் அதை மலை என்றே சொல்வார்கள். 1990-இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் புரூஸ் டிரெயில் என்ற நடைபாதை போகிறது, குயின்ஸ்டனில் தொடங்கி டோபர்மோரி வரை ஏறக்குறைய 900 கிலோமீட்டர். டண்டாஸ் பள்ளத்தாக்கு அந்த வழியில்தான் இருக்கிறது. அங்கேயே ஹாமில்டனிலிருந்து பிரான்ட்ஃபோர்ட் வரை 32 கிலோமீட்டருக்கு இன்னொரு பாதையும் உண்டு. பழைய ரயில் தடத்தில் தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் பொடிக்கல் போட்டது. ரயில் போன வழி என்பதால் ஏற்றமும் இறக்கமும் மிதமாகத்தான் இருக்கும்.

அந்த ரயில் பாதைதான் எனக்கு முதல் இரண்டு வாரமும். வாரம் மூன்று தடவை, முப்பது நிமிடம், நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பது. வேகம் பார்க்கவே இல்லை. பனியில் வேகத்துக்கு அர்த்தம் கிடையாது. கோடையில் ஒரு கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓடுகிற அதே உழைப்புக்கு, கணுக்கால் புதையும் பனியில் எட்டு நிமிடமும் ஆகும், ஒன்பதும் ஆகும். கடிகாரத்தில் கிலோமீட்டர் காட்டும் பக்கத்தை மறைத்துவிட்டு நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். மணிக்கட்டில் காட்டும் இதயத் துடிப்பையும் குளிரில் நம்ப முடியாது. தோலுக்குப் போகிற ரத்தம் குறைந்துவிடுவதால் கடிகாரத்தின் விளக்கு தப்புத் தப்பாகப் படிக்கும். மார்பில் கட்டும் பட்டை பரவாயில்லை. அதைவிட நல்லது, பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்ப்பது.

என் பக்கத்தில் வருகிறவர், நான் அக்கா என்று கூப்பிடுபவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது குளிர்காலத்துக்கு மேல் பார்த்தவர், வயது ஐம்பத்தெட்டு. இரண்டாம் வாரக் கடைசியில் அவரோடு எட்டு கிலோமீட்டர் ஓடினேன். மூச்சு அருமையாக இருந்தது. ஏற்றத்தில்கூடப் பேசிக்கொண்டே வந்தேன். கார் நிறுத்தும் இடத்துக்கு வந்ததும், அடுத்த வாரம் பதினாறு ஓடலாமா என்று கேட்டேன். அக்கா என் கால் பக்கம் பார்த்தார். "மூச்சு வந்திட்டுது எண்டு ஓடாதையும் பிள்ளை. கால் இன்னும் ஊரிலதான் நிக்குது" என்றார்.

நான் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அக்காவுக்கு வேலை இருந்தது, தனியாகப் போனேன். ரயில் பாதையை விட்டு இறங்கி, ஹெர்மிடேஜ் என்ற பழைய மாளிகையின் இடிபாட்டைச் சுற்றிவரும் காட்டுப் பாதையை எடுத்தேன். 1934-இல் தீப்பிடித்து எரிந்துபோன வீடு அது, கல்சுவர்கள் மட்டும் நிற்கின்றன. முந்தின வியாழக்கிழமை வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே ஏறி, வெள்ளிக்கிழமை மைனஸ் 12-க்கு இறங்கி, ராத்திரி இரண்டு விரல் உயரத்துக்குப் புதுப் பனி விழுந்திருந்தது. இந்த மூன்றும் இந்த வரிசையில் நடந்தால் காட்டுக்குள் என்ன இருக்கும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எஸ்கார்ப்மென்ட் சரிவுகளில் ஊற்று நீர் ஆங்காங்கே பாதைக்குக் குறுக்கே கசியும். வியாழக்கிழமை கசிந்த நீர் வெள்ளிக்கிழமை உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அதன்மேல் வெள்ளைப் பனி. பார்க்கிற கண்ணுக்குப் பஞ்சு மெத்தை.

பதினோராவது கிலோமீட்டர். இறக்கம். தொடை கொஞ்சம் களைத்திருந்தது, அதனால் அடி நீண்டு குதிகால் உடம்புக்கு முன்னால் போய் விழுந்தது. வலது கால் வெளிப்பக்கமாக வழுக்கிக்கொண்டே போனது, இடது கால் நின்ற இடத்தில் நின்றது. தொடையின் உள்பக்கத்தில் சுரீரென்று இழுத்தது. கணுக்காலும் மடங்கியது. உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த ஐந்து நிமிடம்தான் நான் மறக்கக் கூடாத நேரம். ஓடும்போது சூடாக இருந்த உடம்பு, உட்கார்ந்ததும் ஆறத் தொடங்கியது. முதுகில் வியர்வை பனிக்கட்டித் துணியாக ஒட்டியது. பையைத் திறந்து இன்னொரு சட்டையை எடுக்கலாம் என்றால், விரல்களுக்கு ஜிப்பின் நாக்கு பிடிபடவில்லை. பார்க்கிறேன், விரல் அதன்மேல்தான் இருக்கிறது, ஆனால் இழுக்க முடியவில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தேன். கார் மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. நொண்டி நடந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நல்ல வேளையாக எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று ராத்திரி அப்பாவோடு போனில் பேசினேன். அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடக்கும் காலம் அது. நான் ஊரில் இருந்தபோது தினமும் ஒரே புகார்: "எனக்கு மூச்செல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு, ஏன் வெளியே நடக்க விடமாட்டேங்கிறாங்க?" அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எலும்பும் தசையும் கூடி வர நாளாகும் அப்பா, அவசரப்படாதீர்கள் என்று சொன்னவள் நான்தான்.

உடம்பு திரும்பி வரும் வரிசை இதுதான். இதயமும் நுரையீரலும் சில வாரத்தில் பழைய நிலையை நெருங்கிவிடும். தசை அதற்குப் பின்னால் வரும். தசைநாண்களும் எலும்பும் பல மாதம் எடுத்துக்கொள்ளும், தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, எலும்பு மாறுவதும் மெதுவாகத்தான். கணுக்கால் தரையைப் படிக்கிற திறமை, அதாவது பாதம் எதில் பட்டது என்பதை மூளைக்குச் சொல்லி உடம்பைச் சரிசெய்துகொள்வது, பயிற்சி விட்டால் மங்கிவிடும். ஆகவே மூன்றாம் நான்காம் வாரம்தான் ஆபத்தான காலம். ஓட முடியும் என்று மூச்சு சொல்லும், கால் இன்னும் தயாராகி இருக்காது. அந்த இடைவெளியில்தான் அடிபடுகிறது. கோடையில் அது ஒரு வலியோடு போய்விடும். பனியில் ஒவ்வொரு அடியும் கொஞ்சம் வழுக்குவதால், தொடையின் உள்தசையும் கணுக்காலைச் சுற்றியுள்ள சின்னத் தசைகளும் இரட்டிப்பு வேலை செய்கின்றன.

பத்து நாள் ஓடவில்லை. இயன்முறை மருத்துவர் கொடுத்த பயிற்சிகள் மிகச் சாதாரணமானவை, இன்றுவரை விடாமல் செய்கிறேன். பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது, காலையில் வலது, ராத்திரி இடது. ஒரு வாரம் ஆனபின் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது. கண்ணை மூடினால் கணுக்கால் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள், அப்போது புரியும். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றுவது, ஒவ்வொரு காலுக்கும் பதினைந்து, மூன்று தடவை. பக்கவாட்டில் படுத்துக் கீழ்க்காலை உயர்த்துவது. எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு நிமிடம். வெளியே எந்தப் புயல் அடித்தாலும் வீட்டுக்குள் செய்யலாம்.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஆறு கிலோமீட்டரிலிருந்து மறுபடி தொடங்கினேன். இப்போது கணக்கு ஒன்றுதான்: கடந்த ஒரு மாதத்தில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட அடுத்தது கொஞ்சமாகத்தான் கூட வேண்டும். வாரத்தின் மொத்தக் கிலோமீட்டர் சரியாக இருந்தாலும், ஒரே நாளில் எட்டிலிருந்து பதினாறுக்குத் தாவுவதுதான் கெடுக்கிறது. ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து, பிறகு வேண்டுமென்றே பன்னிரண்டுக்கு இறங்கினேன், அப்புறம் பத்தொன்பது. தொடக்கத்தில் மூன்று மூன்றாகக் கூட்டியது பழைய பழக்கம் இருந்ததால். புதிதாக வருபவர் இன்னும் மெதுவாகப் போவது நல்லது.

பாதையைத் தேர்ந்தெடுக்கும் விதமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் போகிற அன்றைய வெப்பநிலையை மட்டும் பார்ப்பேன். இப்போது முந்தின மூன்று நாள் கதையைப் பார்க்கிறேன். தொடர்ந்து மைனஸ் 8-க்குக் கீழேயே இருந்தால் பனி காய்ந்து, மிதித்தால் கிறீச் கிறீச்சென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு நிம்மதி, நல்ல பிடிப்பு இருக்கும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் பனி சொதசொதவென்று சறுக்கும். பூஜ்யத்துக்கு மேலே போய்க் கீழே வந்திருந்தால் காட்டுக்குள் போவதில்லை, அல்லது முள் மாட்டிக்கொண்டு போகிறேன்.

முள் என்றால் மைக்ரோஸ்பைக். ரப்பர் வளையத்தில் சங்கிலியும், அதில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு எஃகுப் பற்களும் இருக்கும், ஷூவுக்கு மேலே இழுத்து மாட்டவேண்டியதுதான். கெட்டிப் பனிக்கட்டியில் அதைப்போல எதுவும் பிடிக்காது. ஆனால் ஈரப் பனியில் சங்கிலிக்கு அடியில் பனி உருண்டை கட்டிக்கொள்ளும், உயரமான செருப்பில் நடப்பது போலாகிவிடும். அப்போது நின்று மரத்தில் தட்டிவிட வேண்டும். பனியில்லாத தாரிலும் பாறையிலும் அதைப் போட்டு ஓடினால் முழங்கால் வலிக்கும். பாதி தார், பாதி பனி என்றிருக்கும் நாட்களுக்கு அக்காவின் வழி: பழைய டிரெயில் ஷூவின் அடியில், ரப்பர் கட்டை தடிமனாக இருக்கும் இடங்களில் மட்டும், அறுகோணத் தலை உள்ள 3/8 அங்குலத் தகடு ஸ்க்ரூ போடுவது. காலுக்குப் பன்னிரண்டு போதும், ஓரத்திலும் குதிகாலிலும். நடுவில் மெல்லிய இடத்தில் போட்டால் உள்ளே குத்தும். அந்த ஷூவோடு கடைக்குள்ளோ வீட்டுக்குள்ளோ போகாதீர்கள், தரை பாழாகும், நீங்களும் வழுக்கி விழுவீர்கள்.

எதை மாட்டினாலும் ஓடும் முறை மாற வேண்டும். அடியைச் சுருக்கி, பாதத்தை இடுப்புக்கு நேர் கீழே வைக்க வேண்டும். இறக்கத்தில் பயந்து பின்னால் சாய்ந்தால் குதிகால் முன்னே போகும், நான் விழுந்தது அப்படித்தான். கையைக் கொஞ்சம் அகல விட்டுக்கொள்ளலாம். பார்வை மூன்று நான்கு மீட்டர் முன்னால். சந்தேகமான இடத்தில் நடங்கள். நடப்பது ஓட்டத்தில் சேராது என்று யாரும் சட்டம் போடவில்லை. 50 கிலோமீட்டர் பந்தயத்தில் ஏற்றங்களை முக்கால்வாசிப் பேர் நடந்துதான் கடக்கிறார்கள்.

உடைக்கு வருவோம். புறப்படும்போது முதல் பத்து நிமிடம் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் துணி அதிகம் என்று அர்த்தம். வெளியே இருப்பதைவிடப் பத்து டிகிரி கூடுதல் என்று நினைத்து உடுத்துவது இங்கே பலரும் சொல்லும் கணக்கு, எனக்கும் அது சரியாகவே வருகிறது. உடம்போடு ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளிச் சட்டை, மேலே இன்னொன்று, காற்றடித்தால் மெல்லிய ஜாக்கெட். பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. ஏற்றம் தொடங்குமுன்பே ஜிப்பை இறக்கிவிடுங்கள், வியர்த்தபின் இறக்கிப் பயனில்லை. உச்சியில் காற்று முகத்தில் அடிக்குமுன் மறுபடி ஏற்றிவிடுங்கள். விரல்களுக்குக் கையுறையைவிட, விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன்தான் சூடு. நான் மெல்லிய கையுறைக்கு மேல் மிட்டன் போட்டுக்கொள்கிறேன், ஜிப்போடு போராடிய அன்றைக்குப் பிறகு. ஓடி முடித்ததும் பெண்கள் முதலில் மாற்றவேண்டியது ஈர உள்ளாடையை. காரில் ஹீட்டர் ஓடினாலும் அந்த ஈரம் உடம்பை விடாது. காரில் ஒரு பெரிய துண்டும் ஒரு தளர்ந்த நைட்டியும் எப்போதும் கிடக்கும், துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டு நைட்டிக்குள்ளேயே எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்.

மைனஸ் 14 என்பது ஒன்று, காற்றோடு சேர்ந்த குளிர் வேறொன்று. கனடாவின் வானிலைத் துறை அதைத் தனி எண்ணாகத் தருகிறது. அந்த எண் மைனஸ் 28-லிருந்து 39-க்குள் இருந்தால் மூடாத தோல் பத்திலிருந்து முப்பது நிமிடத்தில் உறையலாம். மைனஸ் 40-லிருந்து 47-க்குள் இருந்தால் ஐந்திலிருந்து பத்து நிமிடம். நான் மைனஸ் 27-இல் கோடு போட்டிருக்கிறேன், அதற்குக் கீழே போனால் அன்றைக்குக் காடு கிடையாது. இவ்வளவு குளிரில் ஓடினால் நுரையீரல் உறைந்துவிடுமே என்று அம்மா போனில் கேட்பார். உறையாது, காற்று உள்ளே போய்ச் சேருவதற்குள் சூடாகிவிடும். ஆனால் அது மிகவும் வறண்ட காற்று. இழுப்பு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கும். மூக்கையும் வாயையும் மூடும் பஃப் ஒன்று கழுத்தில் இருந்தால் அந்தக் காற்று ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் உள்ளே போகும். இன்ஹேலர் பயன்படுத்துபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுங்கள், அதை உள்பையில் வையுங்கள்.

தண்ணீர் பெரிய தலைவலி. முதுகுப் பையிலிருந்து வரும் குழாய் இருபது நிமிடத்தில் உறைந்துவிடும். குடித்து முடித்ததும் குழாயில் ஊதி, உள்ளே நிற்கும் நீரைப் பைக்குள்ளேயே திருப்பி அனுப்பிவிட்டால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதைவிட நல்லது பாட்டில்: சுடுதண்ணீர் ஊற்றி, ஜாக்கெட்டுக்கு உள்ளே, தலைகீழாக. உறைவது மேல்பரப்பிலிருந்துதான் தொடங்கும், அதனால் மூடி கீழே இருந்தால் திறக்கும் பக்கம் கடைசியாகத்தான் அடைபடும். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் மூச்சிலும் வியர்வையிலும் நீர் போய்க்கொண்டுதான் இருக்கும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு வாய் என்று கடிகாரத்தில் மணி வைத்திருக்கிறேன். ஓட்டத்தின் நடுவே சாப்பிடும் ஜெல் பசைபோல இறுகிவிடும், கடலைமிட்டாய் கல்லாகிவிடும். பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து நான்காக நறுக்கி, இடுப்போடு ஒட்டிய பையில் வைத்தால் மெல்ல முடிகிறது. முடிந்தபின் காரில் ஒரு ஃபிளாஸ்க் சுக்குக் காப்பி. கருப்பட்டி எங்கள் தெருமுனை இலங்கைக் கடையில் கிடைக்கிறது.

ஜனவரியில் இங்கே சூரியன் எழ ஏழே முக்கால் ஆகிவிடும், ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. அதனால் வாரநாள் ஓட்டம் எல்லாமே விளக்கோடுதான். பனி பெய்யும்போது நெற்றியில் கட்டிய விளக்கு கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் திரை போட்டுவிடும், ஒவ்வொரு துகளும் ஒளியைத் திருப்பி அடிக்கும். விளக்கைக் கழற்றி இடுப்பில் கட்டினால் தரையின் மேடு பள்ளம் நிழலோடு தெரியும். பாதை அடையாளத்திலும் ஒரு சங்கடம் உண்டு. புரூஸ் டிரெயிலின் முதன்மைப் பாதைக்கு மரத்தில் வெள்ளைப் பட்டை, கிளைப் பாதைக்கு நீலம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பட்டை இருந்தால் திருப்பம், மேல்பட்டை எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். காற்றோடு பனி அடித்த மறுநாள் எல்லா மரத்திலும் வெள்ளைப் பட்டை இருக்கும். நின்று கிட்டப் போய், ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்தால்தான் பெயின்ட்டா பனியா என்று தெரியும். முன்னால் போன ஒருவரின் காலடித் தடத்தை நம்பிப் போகாதீர்கள், அவரும் வழி தவறியிருக்கலாம்.

தனியாகப் போகாதீர்கள் என்று சொல்வேன். போய்த்தான் ஆகவேண்டும் என்றால் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். என் சின்னப் பையில் இப்போது எப்போதும் இருப்பவை: மடித்தால் கைக்குள் அடங்கும் பஞ்சு ஜாக்கெட், ஃபாயில் போர்வை, உலர்ந்த மிட்டன், விசில், சிறு விளக்கு. போன் உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் இருக்கும். வெளிப்பையில் வைத்தால் பாதிச் சார்ஜ் இருக்கும்போதே அணைந்துவிடும். அன்றைக்கு என்னிடம் பஞ்சு ஜாக்கெட் இருந்திருந்தால், அந்த ஒரு மணி நேர நடையில் பல் தந்தியடித்திருக்காது.

காட்டுக்குள் போகக் கூடாத நாட்களுக்கு எங்கள் ஊரில் படிக்கட்டுகள் இருக்கின்றன. எஸ்கார்ப்மென்ட்டின் மேல் ஊரையும் கீழ் ஊரையும் இணைக்கும் இரும்புப் படிகள். டண்டர்ன் படிகள் 326. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான்கு தடவை ஏறி இறங்குவேன், ஏறும்போது கைப்பிடியைத் தொடாமல், இறங்கும்போது பிடித்துக்கொண்டு. பனி ஒட்டியிருந்தால் ஒரு பக்கமாக மெதுவாக. மே மாதப் பந்தயத்தின் ஏற்ற இறக்கத்துக்குத் தொடை தயாராவது இங்கேதான். குறிப்பாக இறங்குவதால். தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கும் வேலை அது, பழக்கம் இல்லாத காலுக்கு மறுநாள் படியிறங்க முடியாது, பழகினால் ஆறு வாரத்தில் வலி தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை தாரில் ஒரு ஓட்டம் வைத்திருக்கிறேன், அரவுண்ட் த பே பந்தயத்துக்காக. பனியில் மட்டுமே ஓடிவிட்டு ரோட்டுப் பந்தயத்துக்குப் போனால், ஒரே மாதிரி அடி ஆயிரக்கணக்கில் விழும்போது கெண்டைக்கால் இறுகிவிடும், போன வருடம் பட்டிருக்கிறேன். அந்தப் பந்தயத்தின்மேல் எனக்குத் தனிப் பாசம். 1894-இல் தொடங்கியது, பாஸ்டன் மாரத்தானைவிட மூன்று வயது மூத்தது. 1906-இல் அதை வென்ற டாம் லாங்போட், இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சிக்ஸ் நேஷன்ஸ் பூர்வகுடி நிலத்தில் பிறந்த ஒனன்டாகா இனத்தவர், அடுத்த வருடம் பாஸ்டனையும் வென்றார். இத்தனை பெருமை இருந்தும், இந்த வருடம் அதில் நேரம் பார்க்கப் போவதில்லை. ஜனவரியில் இழந்த பத்து நாளை மார்ச்சில் திருப்பி வாங்க முயன்றால் மே மாதமும் போய்விடும். அதை 30 கிலோமீட்டர் நீள ஓட்டமாக, பேசும் வேகத்தில் முடிப்பேன். தண்ணீர் நிலையங்களில் நடப்பேன். முடித்து ஒரு வாரம் ஓய்வு.

அதற்குப் பிறகு சேறு. இங்கே ஏப்ரல் என்றால் டிரெயிலில் சேறுதான். பலர் ஓரமாக ஒதுங்கி ஓடி, பாதையை அகலமாக்கி, இரண்டு பக்கமும் முளைக்கிற செடிகளை மிதித்துவிடுகிறார்கள். சேற்றின் நடுவில் இறங்கி ஓடுங்கள், அதுதான் சரி, காலுக்கும் நல்ல பயிற்சி. வெப்பநிலை 4 டிகிரியைத் தாண்டினால் உண்ணிகள் நடமாடத் தொடங்கிவிடும், லைம் நோய் பரப்பும் கருங்கால் உண்ணி இந்தப் பகுதியில் உண்டு. நீளக் காலுறை போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, தலைமுடி எல்லாம் பார்த்துவிடுங்கள்.

நேற்று, மார்ச் இரண்டாம் சனிக்கிழமை, அக்காவோடு 23 கிலோமீட்டர். ஹெர்மிடேஜ் சரிவு வந்ததும் சொல்லாமலே இருவரும் நடக்கத் தொடங்கினோம். பனி முக்கால்வாசி உருகியிருந்தது. நான் விழுந்த இடத்தில், ஜனவரியில் கண்ணுக்குத் தெரியாத அந்த ஊற்று, பாதைக்குக் குறுக்கே ஒரு சாண் அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா குனிந்து விரலை நனைத்துப் பார்த்தார். "இப்ப கால் வந்திட்டுது போல" என்றார். கடைசி ஐந்து கிலோமீட்டரில் இடது கணுக்கால் ஒரு தடவை வேரில் மடங்கப் பார்த்தது, நான் யோசிப்பதற்குள் அதுவாகவே நிமிர்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்து அப்பாவை அழைத்தேன். வாக்கர் போய்க் கைத்தடி வந்திருக்கிறது, தெருமுனைப் பிள்ளையார் கோவில் வரை போய் வருகிறாராம். அடுத்த சனிக்கிழமை பதினான்கு மட்டும்தான், பந்தயத்துக்கு முன் குறைக்கும் வாரம். காலை ஏழரைக்கு டிரெயில் சென்டரில் சந்திப்பு. சுக்குக் காப்பி கொண்டுபோவது என் முறை.